ஒரே கல்லா, ஒரே உலை: வட சென்னையில் வருமானத்தைப் பொதுவில் வைத்து வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகையையும் மளிகையையும் பங்கு போட்டுக்கொள்வது பேச்சிலர் அறைகளில் எல்லோரும் செய்வதுதான். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. எண்ணூரில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவரின் சம்பளம், ஆட்டோ ஓட்டுபவரின் அன்றாடக் கலெக்‌ஷன், வீட்டில் தையல் தைப்பவரின் வரும்படி எல்லாம் ஒரே கல்லாவில் விழும். எல்லோருடைய சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் ஃபீஸ், கைச்செலவு அந்தக் கல்லாவிலிருந்தே போகும். அதிகம் கொண்டுவருபவருக்கு அதிகம் கிடையாது. குறைவாகக் கொண்டுவருபவருக்குக் குறைவும் கிடையாது.

உலகத்தில் இதை நீண்ட காலம் செய்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பு 1967-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. ஜெர்மனியில் காஸல் நகருக்கு அருகே நீடர்காஃபுங்கன் கம்யூன் (கூட்டாக வாழும் குழு) 1986 முதல் இருக்கிறது. இஸ்ரேலில் கிபுட்ஸ் என்று சொல்லும் கூட்டுப் பண்ணைக் கிராமங்களில் முதலாவதான டெகானியா 1910-இல் எழுந்தது. 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு பெரும்பாலான கிபுட்ஸுகள் ஆளுக்கு ஆள் வேறுபட்ட சம்பளத்துக்கு மாறிவிட்டன. இவர்களுக்கெல்லாம் நிலமோ சொந்தத் தொழிலோ இருந்தது. தண்டையார்பேட்டையில் இரண்டு போர்ஷன் எடுத்து வாழப்போகிறவர்களுக்கு இரண்டும் கிடையாது. காலையில் ஆளுக்கொரு முதலாளியிடம் வேலைக்குப் போய், மாலையில் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வட சென்னைக்குச் சேர்ந்து நிற்பது பழக்கமான விஷயம். ஆனால் சங்கத்துக்குச் சட்டம் இருக்கிறது, இப்படிப்பட்ட வீட்டுக்கு இல்லை. வங்கியும் வரி அலுவலகமும் ரேஷன் கடையும் உங்களைத் தனி ஆளாகவோ ரத்த சொந்தமாகவோதான் பார்க்கும். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இருப்பவர் தன் மனைவி, பிள்ளைகள், தன்னை நம்பியிருக்கும் பெற்றோருக்கு அதைப் பயன்படுத்தலாம். ஐந்து வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட தோழருக்குப் பயன்படுத்த முடியாது. அந்த இடைவெளியை நீங்களே எழுத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். நல்ல மனசை நம்பி எழுதாமல் விடும் இடத்தில்தான் இத்தகைய வீடுகள் உடையும்.

முதல் படி: ஆட்களும் கடன்களும்

ஐந்து பெரியவர்களுக்குக் குறைந்தால் ஒருவர் வேலை போனாலே கல்லா ஆடிவிடும். பத்துக்கு மேல் போனால் வட சென்னையில் ஒரே இடத்தில் வீடு கிடைக்காது. ஏழு அல்லது எட்டுப் பேர் சரி. எல்லோரும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டாம். ஷட்டர் மூடினால் எல்லோருக்கும் ஒரே நாளில் வேலை போகும்.

சேர்வதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுத வேண்டும்: மாத வருமானம், கையிலுள்ள சொத்து, மொத்தக் கடன், ஊருக்கு மாதாமாதம் அனுப்பும் தொகை. கடன் பட்டியலைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நகைக் கடன், வாரக் குழுக் கடன், தண்டல், சீட்டில் எடுத்துவிட்டுக் கட்ட வேண்டிய பாக்கி, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து வரை எல்லாம் அதில் வர வேண்டும். மறைத்த தண்டல்தான் மூன்றாவது மாதம் வாசலில் வந்து நிற்கும்.

தண்டலின் கணக்கை ஒரு முறை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். அதனால் பொதுப் பணத்தில் முதலில் அடைக்க வேண்டியது தண்டலைத்தான். அதன் பிறகு குழுக் கடன், கடைசியில் வங்கி நகைக் கடன். ஒருவரின் கடனைப் பொதுவில் அடைப்பது அநியாயம் என்று சிலர் நினைப்பார்கள். அவரின் வருமானம் முழுதும் பொதுவுக்கு வரும்போது, அவருடைய வட்டியும் பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது என்பதைக் கணக்கே காட்டிவிடும். ஆனால் ஒரு வரம்பு வையுங்கள். சேரும்போது காட்டிய கடன் பொது. சேர்ந்த பிறகு கூட்டத்தில் சொல்லாமல் வாங்கிய கடன் அவரவருடையது.

பழைய சொத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். ட்வின் ஓக்ஸில் சேருபவர் முன்பு சேர்த்த சொத்து அவர் பெயரிலேயே இருக்கும்; உறுப்பினராக இருக்கும் காலத்தில் அதிலிருந்து வரும் வருமானம் மட்டும் பொதுவுக்குப் போகும். இங்கேயும் அதுவே நல்லது. ஊரில் இருக்கும் நிலம் அவருடையது, அதன் குத்தகைப் பணம் கல்லாவுக்கு. நகை அவரவருடையது.

எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். யார் சமைத்தாலும் யாரும் சாப்பிடுவார்களா, யார் பிடித்த குடத்துத் தண்ணீரையும் குடிப்பார்களா, மாட்டுக்கறி ஒரே அடுப்பில் வேகலாமா என்பதையெல்லாம் நேராகக் கேளுங்கள். கறி சாப்பிடாதவருக்குத் தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம், அது பழக்கம். சமைத்தவரின் சாதியைப் பார்த்து ஒருவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் அவரைச் சேர்க்காதீர்கள். இதில் சமரசம் செய்த வீட்டில் பணத்தைப் பொதுவில் வைப்பதில் அர்த்தமில்லை.

முதல் மூன்று மாதம் செலவை மட்டும் பங்கு போடுங்கள். நான்காவது மாதத்திலிருந்து வருமானம் பொதுவுக்கு வரட்டும். இந்த மூன்று மாதத்தில் யார் பாத்திரம் கழுவுகிறார், யார் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வீடு

ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போர்ஷன் தேடுங்கள். தனித்தனி மின் மீட்டர் ஏற்கெனவே இருக்கும் வீடு கிடைத்தால் இன்னும் நல்லது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்குக்கும் கட்டணம் கூடும். எட்டுப் பேரும் ஒரே மீட்டரில் இருந்தால் வெயில் காலத்தில் நிச்சயம் தாண்டும்.

தரைத்தளம் வேண்டாம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அந்தத் தெருவில் மாவு அரைக்கும் கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ கேளுங்கள்; சுவரில் கோட்டைக் காட்டுவார்கள். எட்டுப் பேரின் அரிசி, கிரைண்டர், தையல் மெஷின் எல்லாம் ஒரே இரவில் நனைந்தால் பல மாதச் சேமிப்பு போய்விடும். மெட்ரோ 2021-இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டதால், டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரையுள்ள பகுதி வசதி. எண்ணூர் ஷிப்ட்டுக்குப் போகிறவருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கும் அது நடுவில் இருக்கும்.

ஹவுஸ் ஓனரிடம் பொய் சொல்லாதீர்கள். “எல்லோரும் சொந்தக்காரங்க” என்று சொல்லி நுழைந்தால் ஆதார் கேட்கும்போதே குட்டு உடையும். இரண்டு போர்ஷனுக்கு இரண்டு ஒப்பந்தம், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் கையெழுத்து, குடியிருப்பவர்கள் எல்லோர் பெயரும் உள்ளே இருக்கட்டும். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பது நல்லது. வீடு கிடைப்பதும் எளிது, பின்னால் யாரும் அவரைச் சுலபமாக வெளியே அனுப்ப முடியாது என்பதும் உறுதி. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடைமுறையில் அதிகம் கேட்பார்கள்; சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம்.

லீஸுக்கு வீடு எடுத்தால் வாடகை மிச்சம் என்ற ஆசை வரும். முதல் இரண்டு வருடம் வேண்டாம். பெரிய தொகை ஓனரிடம் மாட்டிக்கொண்டால், விலகுகிறவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. பிறகு எடுப்பதென்றால் வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இல்லை என்று உறுதி செய்து, பத்திரம் பதிந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: கல்லா எங்கே இருக்கும்

பெரும்பாலானவர்கள் நம்பிக்கையான ஒருவரின் வங்கிக் கணக்கில் எல்லாப் பணத்தையும் போடுவார்கள். அது தவறு. கீழே வரும் மாதிரிக் கணக்கில் மாதம் 1,29,000 ரூபாய் வருகிறது, வருடத்துக்கு 15,48,000. அவ்வளவும் ஒருவர் கணக்கில் விழுந்தால், வருமான வரித் துறையின் பார்வையில் அது அவருடைய பணம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பெற்றால், முழுத் தொகையுமே வரிக்குரிய வருமானமாகும். நண்பர்கள் உறவினர் பட்டியலில் வரமாட்டார்கள். பொதுவில் கொடுத்தேன் என்பதால் கொடுத்தவருக்கு வரி குறையவும் குறையாது. சம்பாதித்தவர் பெயரிலேயே வரி. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் தனித்தனியாக யாருக்கும் சுமை இருக்காது. ஒருவர் தலையில் குவித்தால்தான் சிக்கல்.

ஆகவே கல்லா கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும், பணம் பல கணக்குகளில் இருக்கட்டும். சம்பளம் அவரவர் கணக்கிலேயே வரும். ஒருவர் வாடகையை நேராக ஓனருக்கு அனுப்புவார். இன்னொருவர் பள்ளி ஃபீஸ் கட்டுவார். வேறொருவர் மளிகைக் கடை பாக்கியைத் தீர்ப்பார். ஏழாம் தேதிக்குள் நோட்டில் வரவும் செலவும் நேர் செய்து, மீதமுள்ளதை மட்டும் சேமிப்புக்கு மாற்றுங்கள். அவசர நிதியும், விலகிப் போகிறவருக்குக் கொடுக்கச் சேர்க்கும் விலகல் நிதியும் தனித்தனி கூட்டுக் கணக்கில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் இருக்கட்டும். இப்படிச் சேரும் தொகை ஒரு வகைக் கைமாற்று என்பதையும் யார் பங்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணத்துக்காக ஒருவருக்கொருவர் கொடுக்கும் கைமாற்றை வங்கி வழியாகவே கொடுங்கள்; 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடனாக வாங்குவதை வரிச் சட்டம் தடை செய்கிறது.

சங்கமாகப் பதியலாமா என்று கேட்பார்கள். சங்கப் பதிவுச் சட்டம் 1975-க்கு ஏழு பேர் போதும், ஆனால் அது பொது நோக்கங்களுக்கானது. கூட்டுறவுச் சங்கத்துக்கு 25 பேர் வேண்டும். வீட்டுக்கு இரண்டும் பொருந்தாது. சேர்ந்து தையல் கடையோ டிபன் சப்ளையோ தொடங்கினால் அந்தத் தொழிலுக்கு மட்டும் பங்குதாரர் நிறுவனம் பதியுங்கள்.

தினக் கூலிக்காரரின் வருமானம்தான் பெரிய சண்டைக்கு இடம். ஆட்டோ ஓட்டுபவரின் நோட்டில் ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கலாம்: கலெக்‌ஷன் 1,650, கேஸ் 380, வண்டி வாடகை 350, டீ 40, கல்லாவுக்கு 880. ஐந்தே வரிகள்தான். மாதம் 25 நாள் ஓடினால் 22,000. டீ 40 தொழில் செலவா, கைச்செலவா என்று முதல் வாரமே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கருத்தில் அது தொழில் செலவு. இல்லாவிட்டால் அவர் கலெக்‌ஷனில் 100 குறைத்து எழுதக் கற்றுக்கொள்வார். ஒரு முறை குறைத்து எழுதியவர் மேல் மறுபடி நம்பிக்கை வர ஒரு வருடம் ஆகும். போலீஸ் ஃபைனை மட்டும் தனியாகக் கூட்டத்தில் பேசுங்கள்.

எட்டுப் பெரியவர்கள், இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வரவு: கான்ட்ராக்ட் தொழிலாளி 19,000, துறைமுகக் கம்பெனி கிளார்க் 24,000, தனியார் பள்ளி ஆசிரியை 16,000, ஆட்டோ 22,000, நர்ஸ் 21,000, டெலிவரி 18,000, தையல் 9,000. எட்டாமவர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறார். அவருக்குப் பண வரவு இல்லை. மொத்தம் 1,29,000.

செலவு: வாடகை 24,000, சாப்பாடு 32,000, கேஸ், கரண்ட், தண்ணீர் 5,500, பிள்ளைகள் 7,000, மருத்துவம் 6,000, போக்குவரத்து 9,000, போன், நெட் 2,500, கைச்செலவு ஆளுக்கு 2,000 வீதம் 16,000, பெற்றோருக்கு அனுப்புவது 14,000, அவசர நிதி 7,000, விலகல் நிதி 6,000.

பெற்றோருக்கு அனுப்பும் 14,000 பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டுக் கம்யூன்களின் விதிகளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. நம் வீடுகளில் இதுதான் முதல் வரி. எட்டால் சமமாக வகுக்காதீர்கள். ஒருவருக்கு அம்மா தனியாக இருக்கலாம், இன்னொருவருக்கு அண்ணன் பார்த்துக்கொள்ளலாம். தேவையைச் சொல்லட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி பேசட்டும். தங்கை கல்யாணம், காதுகுத்து, மொய் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு ஒரு மொத்த வரம்பு வையுங்கள். வரம்பு இல்லாமல் விட்டால் ஆவணி, தை மாதங்களில் அவசர நிதி காலியாகிவிடும்.

கைச்செலவுக்கு யாரும் யாரையும் கணக்குக் கேட்கக் கூடாது. சிகரெட்டோ சினிமாவோ பூவோ எதற்குப் போனாலும் அது அவர் பணம். வீட்டில் இருப்பவருக்கும் அதே 2,000 ரொக்கமாக, கேட்காமலே, ஒன்றாம் தேதி கைக்கு வர வேண்டும். அவர் கேட்டு வாங்கும் நிலை வந்தால், எத்தனையோ வீடுகளில் மனைவிகள் இருக்கும் அதே இடத்தில் அவரை நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

500 ரூபாய் வரை யாரும் பொதுச் செலவு செய்யலாம். 500 முதல் 3,000 வரை இரண்டு பேர் ஒப்ப வேண்டும். அதற்கு மேல் கூட்டத்தில். உயிர் போகும் மருத்துவச் செலவுக்கு மட்டும் வரம்பே இல்லை.

நான்காம் படி: உழைப்பைக் கணக்கிடுவது

பணத்தைச் சமமாக்கிவிட்டு வீட்டு வேலையை அப்படியே விட்டால், சம்பளம் வாங்கும் பெண்கள் இரண்டு ஷிப்ட் பார்ப்பார்கள். ட்வின் ஓக்ஸில் வாரத்துக்கு சுமார் 42 மணி நேரம் என்று ஒரு கணக்கு இருந்தது. சமையல், குழந்தை பார்ப்பது எல்லாம் அதில் உழைப்பாகவே சேரும். இங்கே ஃபேக்டரி வேலையே வாரம் 48 மணி என்பதால் எண் பெரிதாகும். கொள்கை ஒன்றுதான்.

முதலில் வீட்டு வேலையை மணியாக எழுதுங்கள். பத்துப் பேருக்குச் சமையல், காய் நறுக்குவது உட்பட, நாளுக்கு 5 மணி, வாரம் 35. பாத்திரம், துணி, பெருக்குவது 14. குழந்தைகள் 21. ரேஷன், மார்க்கெட், தண்ணீர், அலுவலக வரிசை 10. கணக்கு 2. மொத்தம் 82. வெளி வேலையைப் பயணத்தோடு சேர்த்தால் நம் மாதிரி வீட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி 54, கிளார்க் 54, ஆசிரியை 41, ஆட்டோ 50, நர்ஸ் 53, டெலிவரி 54, தையல் 35, ஆக 341. இரண்டையும் கூட்டி எட்டால் வகுத்தால் ஆளுக்கு 53 மணி.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 54 மணி வெளியே உழைப்பவருக்கு வீட்டு வேலையே வராது என்று கணக்கு சொல்லும். அப்படி வெளியே அதிகம் உழைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பார்கள். ஆறு மாதத்தில் அடுப்பங்கரை மறுபடி பெண்களுடையதாகிவிடும். அதனால் ஒரு விதி தனியாக வேண்டும்: வெளியே எத்தனை மணி உழைத்தாலும், ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 3 மணி சமையலோ கழுவலோ செய்தாக வேண்டும். 53-ஐத் தாண்டும் மணிகள் விடுமுறையாகச் சேர்ந்துகொள்ளும். நைட் ஷிப்ட்காரருக்கு மறுநாள் காலை வேலை கொடுக்காதீர்கள். மாதவிடாய், கர்ப்பம், காய்ச்சல் நாட்களில் வேலை நேரம் முழுதாகச் செய்ததாகவே எழுதப்படும்.

அலுவலக வரிசையை உழைப்பில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டு திருத்தத்துக்கும் அலைவது உண்மையான வேலை. எப்போதும் அதைச் செய்பவர் ஒருவராகவே இருப்பார். அவருடைய மணி நோட்டில் ஏறட்டும்.

அடுப்பங்கரை

நாளுக்கு இரண்டரைக் கிலோ அரிசி போடுங்கள். மாதம் 25 கிலோ சிப்பம் மூன்று. ரேஷன் அரிசியை இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டால் ஒரு சிப்பம் குறையும். கார்டுகளை ஒன்றாக்க முயலாதீர்கள்; அவரவர் கார்டு அவரவரிடம். இரண்டு கிலோ அரிசிக்கு அரைக் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் இரண்டு காலைக்கு வரும். கடையில் மாவு பாக்கெட் வாங்கினால் இதே அளவுக்குப் பல மடங்கு செலவு. 14.2 கிலோ சிலிண்டர் மாதத்துக்கு இரண்டு தீரும். இரண்டு போர்ஷனிலும் தனித்தனி இணைப்பு இருந்தால்தான் தட்டுப்பாடு வராது.

மீனை ஞாயிறு விடிகாலை காசிமேட்டில் மொத்தமாக எடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளோடு கூறு போட்டுக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும். சாப்பாட்டுக் கணக்கில் அந்த இரண்டு மாதம் மீனுக்குப் பதில் முட்டையும் கருவாடும் இருக்கட்டும். வீட்டில் யாராவது விசைப்படகுக்குப் போகிறவர் என்றால் அவர் வருமானமும் அந்த 61 நாள் நின்றுவிடும். அதற்குத் தனியாக மாதம் 1,000 ஒதுக்குங்கள்.

ஐந்தாம் படி: கூட்டம்

வாரத்துக்கு ஒரு கூட்டம், ஒன்றரை மணி நேரம், எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரே நேரத்தில். நடத்துபவர் வாரம் ஒருவர். முதல் பத்து நிமிடம் கணக்கு வாசிப்பு, வாயால், எண்களை உரக்க. எல்லோருக்கும் படிக்கத் தெரிந்தாலும் வாசித்தே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்ட கணக்கை யாரும் பார்ப்பதில்லை. கணக்கர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். ஒருவரே தொடர்ந்தால், அவர் திருடாவிட்டாலும், எங்கே எது இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கு டெங்கு வந்தால் வீடே நிற்கும்.

குடித்துவிட்டு வந்தவர் அன்றைய கூட்டத்தில் பேசக் கூடாது. பணத்துக்கு எட்டில் ஆறு பேர் சம்மதம் போதும். புது ஆள் சேர்ப்பதற்கு எல்லோரும் ஒப்ப வேண்டும்.

ஆறாம் படி: பாதுகாப்பு

பிரதமர் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீடு 436 ரூபாய். ஒவ்வொன்றும் 2 லட்சம். எட்டுப் பேருக்கு ஆண்டுக்கு 3,648 ரூபாய். ஐம்பது வயதுக்குள் இருப்பவர்கள் இரண்டையும் இப்போதே எடுக்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டையை வைத்துத்தான் தருவார்கள் என்பதால் கார்டு தனித்தனியாக இருப்பது இங்கேயும் உதவும்.

பி.எஃப். நாமினியாக வீட்டுத் தோழரைப் போட நினைக்காதீர்கள். குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரைத் தவிர வேறு யாரையும் நாமினியாகப் போட விதி இடம் தராது. பி.எஃப். எப்போதும் அவரவருடையது என்று ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்.

ஒருவர் வேலை போனால் மூன்று மாதம் அவருக்கு எந்த அழுத்தமும் இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர் வீட்டு வேலையில் 53 மணியை நிரப்பினால் போதும். நான்காவது மாதம் கூட்டத்தில் பேசலாம். அதிகம் சம்பாதிப்பவர் விலகப்போகிறார் என்றால் அதுவும் வீட்டுக்கு ஒரு வேலை இழப்புதான். யார் அதிகம் கொண்டுவருகிறாரோ அவர் இல்லாமல் வாடகையும் சாப்பாடும் ஓடுமா என்று வருடத்துக்கு ஒரு முறை கணக்குப் போடுங்கள். நம் மாதிரி வீட்டில் கிளார்க்கின் 24,000 போனால் மீதி 1,05,000. அவசர நிதி, விலகல் நிதி 13,000-ஐ நிறுத்தி, அவருடைய கைச்செலவையும் சாப்பாட்டையும் கழித்தாலும் ஐந்தாயிரம் போலத் துண்டு விழும்; மற்றச் செலவுகளைக் குறைத்தால் இழுத்துப் பிடிக்கலாம். அதற்கும் மேல் ஒருவரை நம்பியிருந்தால் அவருக்கு மறுக்கும் உரிமை தானாகவே வந்துவிடும்.

ஏழாம் படி: விலகும் வழி

இதை முதல் நாளே, வீட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன் எழுதுங்கள். நீடர்காஃபுங்கனில் சேரும்போதே ஒவ்வொருவரோடும் விலகல் ஒப்பந்தம் போடுகிறார்கள். சேரும்போது எல்லோரும் நல்லவர்கள், பேசுவது எளிது. விலகும்போது யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்.

எழுத வேண்டியது இவை. முன்பணத்தில் அவர் போட்ட பங்கு திரும்பும்: 1,20,000 ரூபாய் முன்பணத்தை எட்டுப் பேரும் சமமாகப் போட்டிருந்தால் 15,000. அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 9,000 விலகல் தொகை. விலகல் நிதியில் மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000 சேர்வதால் எட்டுப் பேருக்கு அது சரியாக வரும். இரண்டு வருடம் இருந்தவர் 33,000 எடுத்துக்கொண்டு போவார். அதில் 10,000 அன்றே, மீதி 60 நாளுக்குள். முதல் வருடம் முடியாமல் விலகினால் முன்பணப் பங்கு மட்டும்.

எல்லோருக்கும் ஒரே தொகை. கொண்டுவந்த பணத்துக்குத் தகுந்தபடி திருப்பிக் கொடுத்தால், வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்த்தவர் வெறுங்கையோடு போவார். அப்படியென்றால் நீங்கள் இத்தனை நாள் நடத்தியது வெறும் சீட்டு. அதிகம் கொண்டுவந்தவர் இதைக் கேட்டு மனம் வருந்துவார். அவர் சேரும்போதே இதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

தம்பதி பிரிந்தால் இருவரும் தனித்தனி உறுப்பினர். ஒருவர் விலகுவதால் இன்னொருவர் விலக வேண்டியதில்லை. கை ஓங்குதல் நடந்தால் அடித்தவர்தான் அன்றிரவே வெளியேற வேண்டும், அடிபட்டவர் அல்ல. அதற்காக 10,000 ரூபாய் ரொக்கம் இரண்டு பெண்களின் பொறுப்பில் ஒட்டிய கவரில் இருக்கட்டும். அடிபட்டவருக்கு வெளியே போக வேண்டியிருந்தால் அது கூட்டம் கூடாமல் கொடுக்கப்படும். பெண்கள் உதவி எண் 181-ஐச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, திருமணத்துக்கு ஒப்பான உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் பொருந்தும்.

இறப்புக்கும் எழுதுங்கள். இறந்தவரின் விலகல் தொகையும் முன்பணப் பங்கும் அவர் குறித்த ஆளுக்குப் போகும். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்கும்போது காட்ட அந்தத் தாள் வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் வளர்ப்பது என்று இரண்டு சாட்சிகளோடு உயிலில் எழுதிக்கொள்வது நல்லது.

வீடே கலைவதாக முடிவானால் வரிசை இது: முதலில் கடைக்காரர் பாக்கி, ஓனர் பாக்கி. பிறகு முன்பணப் பங்குகள். பிறகு விலகல் தொகைகள். பணம் போதாவிட்டால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். அவசர நிதியில் மிச்சம் இருந்தால் தலைக்குச் சமமாக, குழந்தைகளையும் தலையாக எண்ணி. கிரைண்டர், ஃபிரிட்ஜ், தையல் மெஷின் போன்ற பொருட்களை அவற்றை வைத்துப் பிழைப்பவருக்கு முதலில் கொடுங்கள். மீதியை விற்று அன்றே பிரித்துக்கொள்ளுங்கள். கேஸ் இணைப்பின் டெபாசிட் ரசீது யார் பெயரில் இருந்தாலும், அந்தப் பணம் நோட்டில் யார் கொடுத்தார் என்று இருக்கிறதோ அவருக்கே.